பதினாறு சிசி அதிகம்

சென்ற ஆண்டு நடந்த ஓர் அமெச்சூர் கார் பந்தயத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். அன்று இரவே அந்த மூன்றாம் இடம் பறிபோய்விட்டது. இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகம்) ஒரு பழைய போர்வையில் சுருட்டப்பட்டு டிக்கியில் கிடக்க, நான் ரெக்கவரி வண்டியின் முன் இருக்கையில் அமர்ந்து வாலாஜா சுங்கச்சாவடியைக் கடந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் என் வண்டி விதிக்குப் புறம்பாகத்தான் இருந்தது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் ரூபாயும் ஒரு வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன். போட்டி நடந்த இடத்தையும் நடத்தியவர்களையும் நான் பெயர் குறிப்பிடப் போவதில்லை. படித்து முடிக்கும்போது அவர்கள்மீது எனக்குப் பெரிதாகக் குறை எதுவும் இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

இராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பந்தயப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் நண்பர்களோடு லாரி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் முகமெல்லாம் புழுதியோடு வீடு திரும்பிய கதையை அவர் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்த பிறகு, வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டர்தானே என்று நானே பலமுறை போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். வேலிக்கு உள்ளே போக வேண்டும் என்ற ஆசை நாற்பது வயதில்தான் நிறைவேறியது. அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கினேன். 1298 சிசி கொள்ளளவு (சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் மொத்த இடம்), ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎப்ஐ இன்ஜின், புதிதாக இருந்தபோது 85 குதிரைத்திறன். எடை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கெட்டால் காட்பாடியில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

கதை உண்மையில் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்குகிறது. என் முதல் போட்டி அது. ஒரு வண்டிக்குப் பின் ஒரு வண்டியாக விட்டு நேரத்தைக் கணக்கிடும் முறை. நான் பெயர் கொடுத்த வகுப்பு '1300 சிசி வரை'. அந்த வகுப்பிலேயே ஒருவர் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த போலோ காரில் வந்து நின்றார். அதுவும் 1197 சிசிதான், ஆனால் 105 குதிரைத்திறன். குறைந்த சுழற்சியிலேயே டர்போ பிடித்துத் தள்ளும் இழுவைக்கு முன்னால் என் எஸ்டீம் மாட்டுவண்டி. ஒரு சுற்றுக்கு ஒன்பது நொடி வித்தியாசம். வயிறு எரிந்தது. உலக அளவிலான விதிகளை வகுக்கும் எப்ஐஏ, டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் வகுப்பைத் தீர்மானிக்கிறது என்று நான் படித்திருந்தேன். அப்படிப் பெருக்கினால் 1197 என்பது 2034 ஆகிவிடும். 1300 என்ன, 1600 வகுப்பில்கூட அது நிற்க முடியாது. நேராக அமைப்பாளரிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாக விதித்தாளை எடுத்து நீட்டினார். அதில் '1300 சிசி வரை' என்று ஒரு வரிதான் இருந்தது, டர்போவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "எழுத்துல ப்ரொட்டஸ்ட் குடுங்க சார், ஐயாயிரம் டெபாசிட், ரிசல்ட் ஒட்டினதிலிருந்து அரை மணி நேரம்" என்றார். நான் நண்பர்களோடு டீக் குடித்துக்கொண்டே கொதித்துக்கொண்டிருந்ததில் அரை மணி நேரம் எப்போது போனது என்றே தெரியவில்லை. போகாமல் இருந்திருந்தாலும் அந்த முறையீடு தள்ளுபடியாகி, என் ஐயாயிரம்தான் போயிருக்கும். ஏனெனில் அந்த டர்போக்காரர் எந்த விதியையும் மீறவில்லை. விதித்தாள் அனுமதித்த வண்டியைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எப்ஐஏவோ, நம் நாட்டில் அதன் கீழ் இயங்கும் எப்எம்எஸ்சிஐயோ வகுத்த விதி ஒன்று இருக்கிறது என்பதாலேயே அது உங்கள் உள்ளூர்ப் போட்டிக்குத் தானாகப் பொருந்திவிடாது. நடத்துகிறவர்கள் அந்தப் போட்டிக்கென்று வெளியிடும் துணை விதிகள்தான் அன்றைய சட்டம். அதில் 'கூறப்படாதவற்றுக்கு இன்ன விதிமுறை பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தால் மட்டுமே பெரிய புத்தகம் உள்ளே வரும். நியாயம் என்று நம் மனத்துக்குப் படுவதும் விதித்தாளில் அச்சாகியிருப்பதும் வேறு வேறு. இதைப் பெயர் கொடுப்பதற்கு முன்பே கண்டுகொண்டால், வேறு போட்டிக்குப் போகலாம் அல்லது தெரிந்தே போய்த் தோற்கலாம். போட்டி நாளன்று கண்டுகொண்டால் கத்த மட்டுமே முடியும்.

சும்மா இருக்க மனம் வராமல், போட்டி முடிந்த வாரத்திலேயே அமைப்பாளர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். டர்போவுக்கு 1.7 பெருக்கல் வேண்டும், எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தெளிவாக எழுத வேண்டும், சந்தேகம் வந்தால் இன்ஜினைத் திறந்து பார்க்கும் உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தேன். கணக்குப்பிள்ளை புத்தி அது, எல்லாம் ரசீதோடு இருக்க வேண்டும். அவர்கள் பதில் எழுதவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு விதித்தாள் வந்தபோது ஒரு பக்கமாக இருந்தது பதினொரு பக்கமாகியிருந்தது. நான் கேட்ட மூன்றும் அதில் இருந்தன. அன்று நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பதினொரு பக்கத்துக்குள்தான் எனக்கான குழியும் இருந்தது.

இதற்கிடையில் என் இன்ஜின் நீலப் புகை விடத் தொடங்கியிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. பிளக்கைக் கழற்றினால் கரியும் பிசுக்குமாக இருந்தது. சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். இந்த இன்ஜினில் இருபத்தைந்து ஆண்டு அனுபவம். அவர் இறக்கிப் பார்த்துவிட்டு, "சிலிண்டர் தேஞ்சு போச்சு தம்பி, ரிங் மட்டும் போட்டா ஆறு மாசம்கூட வராது. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ருவோம்" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது காலங்காலமாக நடக்கும் வழக்கம். நான் உஷாராக இருப்பதாக நினைத்துக்கொண்டு விதித்தாளைத் திறந்து பார்த்தேன். 'சிலிண்டர் துளையை மூல அளவிலிருந்து அதிகபட்சம் 0.6 மில்லிமீட்டர் வரை பெரிதாக்க அனுமதி உண்டு' என்று இருந்தது. கடையில் கிடைத்தது அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன். 0.5 என்பது 0.6ஐவிடக் குறைவு, ஆகவே சரி என்று தாளை மூடினேன். போரிங், ஹோனிங், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரம் ஆயிற்று. பிறகு வேலூருக்கும் இராணிப்பேட்டைக்கும் நாள்தோறும் போய்வந்தே ஆயிரம் கிலோமீட்டர் ரன்னிங்-இன் முடித்தேன். புகை நின்றது, வண்டி புதிதுபோல இழுத்தது.

நான் மூடிய அந்தத் தாளில், நான் படித்த வாக்கியம் அங்கே முடியவில்லை. 'அனுமதி உண்டு' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி இருந்தது. 'ஆயினும் இதனால் வண்டி தனது கொள்ளளவு வகுப்பின் எல்லையைத் தாண்டக் கூடாது' என்று அடுத்த வரியில் தொடர்ந்திருந்தது. அந்த வரி பக்கத்தின் அடியில் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் மாதம் நூறு பில்லின் அடிக்குறிப்பைப் படிக்கிறவன் நான். எனக்குத் தேவையான பதில் கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் உண்மை. அதிகம் மாற்றாத சாலை வண்டிகளுக்காக எப்ஐஏ வகுத்த 'குரூப் N' விதியிலும் இதே நிபந்தனை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அமைப்பாளர்கள் அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். 'பெரிய விதிகளைப் பின்பற்றுங்கள்' என்று கடிதம் எழுதியவன் நான்தானே.

மற்றவற்றில் நான் கவனமாகத்தான் இருந்தேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் ட்ரெட்வேர் எண் 200க்குக் குறையக் கூடாது என்று விதி. பத்தொன்பதாயிரத்து அறுநூறு கொடுத்து அதற்கு மேலான எண் கொண்ட டயர்களைத்தான் போட்டேன். (அந்த எண் குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிமானம் அதிகம், ஆயுள் குறைவு. 200க்குக் கீழே போனால் பெரும்பாலும் பந்தயத்துக்கென்றே செய்தவை.) பின்சீட்டைக் கழற்றக் கூடாது என்றிருந்தது, கழற்றவில்லை. குறைந்தபட்ச எடை ஓட்டுநரோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்சூரன்ஸ் விஷயமும் முன்பே தெரியும்: நம் வாகனக் காப்பீட்டில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள், முறைப்படி நடத்தப்படும் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் முட்டினால் செலவு நம்முடையது. அதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் போனேன். இப்படி ஊசியெல்லாம் தேடி எடுத்தவன் உலக்கையைக் கோட்டைவிட்டேன்.

போட்டி நாள் காலை ஸ்க்ருட்டினி, அதாவது வண்டிச் சோதனை. ஹெல்மெட், சீட் பெல்ட், இழுவைக் கொக்கி, தீயணைப்பான், பேட்டரி இறுக்கம், ஆயில் கசிவு எல்லாம் பார்த்து வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் ஏமாந்தேன். அந்த ஸ்டிக்கர் வந்துவிட்டால் வண்டி விதிப்படி இருக்கிறது என்று சான்று கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது பாதுகாப்புச் சோதனை மட்டுமே. இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குப் பொறுப்பு, பெயர் கொடுக்கும் படிவத்தில் 'என் வண்டி இவ்வகுப்பின் விதிகளுக்கு உட்பட்டது' என்று கையெழுத்திட்டவருடையது. அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தேன்.

மதிய இடைவேளையில் பக்கத்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆம்பூர்க்காரர், இருபத்தெட்டு வயது இருக்கும். அவரும் எஸ்டீம்தான். நல்ல பிள்ளை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணியை எனக்கும் பகிர்ந்து கொடுத்தார். இன்ஜின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாயிண்ட் ஃபிப்டி போட்டிருக்கேன் தம்பி, புகையே இல்ல பாரு" என்றேன் நான் பெருமையாக. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அப்படியாண்ணே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நொடியின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாலை நான்கு மணிக்குத் தற்காலிக முடிவுகளை ஒட்டினார்கள். டர்போக்கள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டதால் எங்கள் வகுப்பில் இப்போது ஒத்த வண்டிகளே இருந்தன. நான் மூன்றாவது, ஆம்பூர்க்காரர் நான்காவது. எங்கள் இருவருக்கும் இடையே இருந்தது ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு. நான் அப்பாவுக்குப் போன் செய்து பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் என் எண்ணை அழைத்தார்கள். என் வண்டியின் கொள்ளளவு குறித்து எழுத்துப்பூர்வமாக முறையீடு வந்திருக்கிறது, டெபாசிட் கட்டியிருக்கிறார், வண்டியை யாரும் தொடக் கூடாது என்றார்கள். கொடுத்தவர் யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. சற்றுத் தள்ளி அவரே நின்றிருந்தார், தலையைக் குனிந்துகொண்டு. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. கொடுத்த பிரியாணியை அவர் முகத்திலேயே திருப்பி எறிய முடிந்திருந்தால் எறிந்திருப்பேன்.

முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஸ்டீவர்டுகளின் அறையில் முதலில் ஆர்.சி.யைத்தான் நீட்டினேன். "சார், 1298னு கவர்ன்மென்டே எழுதிக் குடுத்திருக்கு." வண்டிகளைச் சோதிக்கும் வயதான ஸ்க்ருட்டினியர் அதைத் தொடக்கூட இல்லை. "இது கம்பெனிய விட்டு வரும்போது இருந்த அளவு சார். இப்ப உள்ள என்ன இருக்குன்னு இந்தப் புக்குக்குத் தெரியாது" என்றார். பிறகு நடைமுறையைச் சொன்னார்கள். ஹெட்டைக் கழற்றி அளக்க வேண்டும். முறையீடு பொய்யானால், கழற்றி மாட்டும் செலவு முறையிட்டவருடையது, அவரது டெபாசிட்டும் போகும். மெய்யானால், செலவு என்னுடையது. கழற்ற மறுத்தால் மறுத்ததே தகுதி நீக்கத்துக்குப் போதும். நல்ல வேளையாக என்னோடு வந்திருந்த பாயின் பையனுக்கு வேலை தெரியும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கழற்றிய போல்ட்டுகளைப் போட்டு வைக்க எதுவும் கொண்டுபோகாததால், காலையில் தயிர்சாதம் கொண்டுவந்த டிபன் கேரியரைக் கழுவி, அதன் அடுக்குகளில் வரிசைப்படி போட்டு வைத்தோம்.

இருட்டத் தொடங்கியபோது ஸ்க்ருட்டினியர் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை முதல் சிலிண்டருக்குள் இறக்கினார். முள் நின்ற இடத்தைப் பார்த்து '74.50' என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். நான்கிலும் அதே அளவு. என் கண் முன்னாலேயே செல்போனில் கணக்குப் போட்டார்: துளையின் விட்டத்தில் பாதி 3.725 சென்டிமீட்டர், அதன் வர்க்கம், அதை 3.1416 ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 7.55 ஆல் பெருக்கி, நான்கு சிலிண்டரால் பெருக்கினால் 1316. மூல அளவான 74 மில்லிமீட்டரை வைத்து நானே போட்டுப் பார்த்தேன், சரியாக 1298 வந்தது. கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன், இந்த ஒரு பெருக்கலை நாற்பத்தோராயிரம் செலவழிக்கும் முன்னால் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து தலைகீழாகவும் போட்டேன். 1300ஐத் தாண்டாமல் இந்த இன்ஜினை எவ்வளவு கடையலாம் என்றால், 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டிருந்தாலும் 1307 ஆகியிருக்கும். அதாவது 0.6 வரை கடையலாம் என்ற அனுமதியால் இந்த வண்டிக்கு இந்த வகுப்பில் ஒரு பயனும் இல்லை. வகுப்பின் எல்லைக்கு அருகில் இருக்கும் எந்த இன்ஜினுக்கும் இதே நிலைதான். வண்டி வாங்கும்போதே உங்கள் இன்ஜினுக்கும் வகுப்பின் எல்லைக்கும் இடையில் எத்தனை சிசி மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தேய்மானம் வராத இன்ஜின் கிடையாது, ஒருநாள் கடைந்தே ஆக வேண்டும்.

எனக்கு இன்னும் ஒரு வாதம் மிச்சமிருந்தது. பதினெட்டு சிசி கூடியதால் என்ன பெரிய சக்தி வந்துவிடப் போகிறது, நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை, ஒரு குதிரைத்திறன் கூடியிருந்தால் அதிகம் என்றேன். ஸ்டீவர்டு மறுக்கவில்லை. "இருக்கலாம் சார். ஆனா பயன் எவ்வளவுன்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல. எல்லையைத் தாண்டிச்சா இல்லையா, அவ்வளவுதான். போன வருஷம் நீங்க எழுதின லெட்டர்ல இதைத்தானே கேட்டிருந்தீங்க" என்றார். என் கடிதத்தை அவர்கள் படித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நானோ அவர்கள் எழுதியதை முழுவதுமாகப் படிக்கவில்லை.

வெளியே வந்தபோது ஆம்பூர்க்காரர் காத்திருந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. என் இன்ஜினும் தேஞ்சுதான் போச்சு. நானும் பாயிண்ட் ஃபிப்டிதான் போடப் போனேன். அப்புறம் ரூல்ஸ்ல அந்த லைனைப் பார்த்துட்டு, நாலு சிலிண்டருக்குள்ளயும் ஸ்லீவ்னு புதுக் குழாய் எறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்து ஸ்டாண்டர்டு பிஸ்டன் போட்டேன். பதினாறாயிரம் கூட ஆச்சு. அதான்..." என்று நிறுத்தினார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தோன்றவில்லை. முந்தைய ஆண்டு டர்போக்காரரைப் பார்த்து எனக்கு எரிந்த அதே வயிறுதான் இவருக்கும் எரிந்திருக்கும், அதுவும் என்னைவிட நியாயமாக. டர்போக்காரர் மீறுவதற்கு விதியே இருக்கவில்லை. நான் இருந்த விதியை மீறியிருந்தேன். அவர் பதினாறாயிரம் கொடுத்து வாங்கிய மூன்றாம் இடத்தை நான் பாதி வாக்கியம் படித்து எடுத்துக்கொண்டிருந்தேன். இதை அன்றே உணர்ந்தேன் என்று சொன்னால் பொய். அன்று ரெக்கவரி வண்டியில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். உணர்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் ஏழாயிரத்து ஐநூறு, தகுதி நீக்கமானால் திரும்ப வராது. ஹெட் கழற்றிய வண்டியை வேலூருக்குக் கொண்டுவர ரெக்கவரி வாடகை ஒன்பதாயிரம். புதிய கேஸ்கெட், ஹெட் போல்ட், ஆயில், கூலி எல்லாம் ஏழாயிரத்து எண்ணூறு. ஆக இருபத்து நாலாயிரத்து முந்நூறு. இன்ஜின் வேலையை நட்டத்தில் சேர்க்கவில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலை போடத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவ்வப்போது சொல்வாள்.

பாயிடம் போய் ஆதங்கத்தைக் கொட்டினேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து பில்லின் நகலை எடுத்தார். 'போரிங் +0.50, நான்கு சிலிண்டர்' என்று அழகாக எழுதியிருந்தது. "பந்தயத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்த கிளாஸுன்னு கேட்டிருப்பேனே தம்பி. ஆபீஸ் போற வண்டின்னுல்ல நெனச்சேன்" என்றார். அதுவும் என் தவறுதான். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது விதித்தாளின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். படிக்காவிட்டாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியும். இன்ஜின் திறந்திருக்கும்போதே போர், ஸ்ட்ரோக் இரண்டையும் அளந்து பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முந்தைய உரிமையாளர் எப்போதோ கடைந்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? என் வண்டியில் நான் செய்த வேலையால் மாட்டினேன். யாரோ பத்தாண்டுக்கு முன் செய்த வேலையால் நீங்கள் மாட்டலாம், படிவத்தில் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கும். ஹெட்டின் அடிப்பரப்பைக் கடைந்து சமன்படுத்துவதும் அப்படித்தான். ஹெட் வளைந்தால் செய்யும் சாதாரண வேலை அது, ஆனால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) ஏறும். அதைத் தடை செய்யும் விதித்தாள்கள் உண்டு.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. இந்த வகை விதிகளின் அடிப்படையே, வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தடை செய்யப்பட்டது என்பதுதான். நாம் நேர்மாறாக, 'கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது' என்று தேடுகிறோம். இப்போது வண்டியில் கை வைத்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை அனுமதிக்கும் பிரிவின் எண்ணைக் குறிக்கிறேன். எண் கிடைக்காவிட்டால் அமைப்பாளருக்கு மின்னஞ்சல். தொலைபேசியில் கேட்டால் 'பரவாயில்ல சார், வாங்க' என்பார்கள். அந்தப் பரவாயில்லை ஸ்டீவர்டு அறையில் செல்லாது. 'இந்த வண்டி, போர் இவ்வளவு, ஸ்ட்ரோக் இவ்வளவு, இந்த இந்த மாற்றம் செய்யப்பட்டுள்ளது, எந்த வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டும்' என்று நான்கு வரி எழுதினால் பதிலும் எழுத்தில் வரும். எங்கள் போட்டியின் தாளில், ஐந்து வண்டிக்குக் குறைந்த வகுப்பு மேல் வகுப்போடு சேர்க்கப்படும் என்றும் ஒரு வரி இருக்கிறது; பெயர் கொடுக்கும் முன் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் எஸ்டீமில் போய் 1600காரர்களோடு மோத வேண்டியிருக்கும்.

நான் இந்த ஆண்டு தெரிந்தே அவர்களோடுதான் மோதினேன். ஸ்லீவ் இறக்கப் பதினெட்டாயிரம் கேட்டார்கள். புதிதாகக் கடைந்த நல்ல சிலிண்டரை அதற்காக மறுபடியும் அறுக்க மனம் வரவில்லை. 1600 வகுப்பில் பெயர் கொடுத்தேன். பதினொரு பேரில் ஒன்பதாவது. படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'போர் 74.50, கொள்ளளவு 1316 சிசி' என்று எழுதியிருந்தேன். காலை ஸ்க்ருட்டினியில் அதே வயதானவர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார், ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டு வண்டி தள்ளி, 1300 வகுப்புக்கான வரிசையில் ஆம்பூர்க்காரர் நின்றிருந்தார். "அண்ணே, மதியம் சாப்பாடு நம்ம கிட்டதான்" என்றார்.